கணினிக் கோப்பு ஒளிவட்டாக மாறும் விதம்

கண்டதையும் கேட்டதையும் அழியாமல் காத்துப் பின்வருவோர்க்குக் கொடுக்க வேண்டும் என்னும் ஆவல் மனித குலத்திற்கே உரியது. கல்லிலும் ஓலையிலும் எழுதிய மனிதன், பின்னர் ஒளிப்படம் எடுத்தான், ஒலியைப் பதிந்தான், அசையும் படத்தையும் பிடித்து வைத்தான். முற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியைப் படம் பிடிக்கப் பெருஞ்செலவு செய்ய வேண்டியிருந்தது. இன்றோ, கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாரும் படப்பிடிப்பாளராகி விட்டனர். பள்ளிக் கலைவிழா, விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் கோயில் திருவிழா, திருமணம் ஆகிய அனைத்தும் படமாகிக் கணினியில் கோப்புகளாகச் சேர்ந்து கிடக்கின்றன.

ஆனால், அவற்றைக் காண வேண்டியவர்கள் எல்லாரும் காண்கிறார்களா? நம் தாத்தா பாட்டியர் பலர் கணினியைத் தொட்டதில்லை. கைப்பேசியின் சிறு திரையில் பேரப்பிள்ளையின் முகம் அவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதுமில்லை. தொலைக்காட்சிப் பெட்டியும், அதன் கீழே துணி போர்த்திய ஒரு டி.வி.டி. கருவியுமே அவர்கள் பழகியவை. வட்டை உள்ளே வைத்து ஒரு பொத்தானை அழுத்த அவர்களுக்குத் தெரியும். எனவே, கணினியில் உள்ள நிகழ்ச்சியை அவர்கள் வீட்டுக் கருவி ஏற்கும் வட்டாக மாற்றிக் கொடுக்கும் முறையை நாம் அறிந்து கொள்வது பயனுள்ளதாகும்.

படி எடுப்பது வேறு, மாற்றுவது வேறு

இம்முயற்சியில் இறங்குவோர் பலர் முதலில் செய்வது ஒன்றுண்டு. கணினியில் உள்ள கோப்பை அப்படியே ஒரு வெற்று வட்டில் பதிந்து, வீட்டுக் கருவியில் இடுவர். கருவி சிறிது நேரம் சுழன்று, இவ்வட்டைப் படிக்க இயலவில்லை என்று திரையில் காட்டி நின்றுவிடும். வட்டு பழுது என்றோ, கருவி பழுது என்றோ அவர்கள் எண்ணுவர். உண்மையில் இரண்டும் பழுதல்ல. வட்டில் எழுதப்பட்டுள்ள மொழி அக்கருவிக்குத் தெரியாது என்பதே காரணம்.

பால்மரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மங்கில் வடிந்த பால் அப்படியே ரப்பர்த் தாளாகி விடுவதில்லை. அமிலம் சேர்த்து உறைய வைக்க வேண்டும். உருளைகளுக்கு இடையே செலுத்தித் தட்டையாக்க வேண்டும். புகையில் உலர்த்த வேண்டும். அதன் பிறகே அது தாளாகக் கட்டுண்டு ஏற்றுமதியாகும். அதுபோலவே, கணினிக் கோப்பும் மூன்று நிலைகளைக் கடந்த பின்னரே வீட்டுக் கருவியில் ஓடும் வட்டாகிறது. அவை மொழிமாற்றம், தொகுப்பு, பதிவு என்பனவாகும்.

வீட்டுக் கருவி அறிந்த மொழிகள்

வீட்டுக் கருவிகள் அறிந்த மொழிகள் மிகச் சிலவே. வி.சி.டி. என்னும் படவட்டிற்கான விதிமுறை 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வட்டு ஒரு காலத்தில் வீடுதோறும் பரவியிருந்தது. அதில் உள்ள படத்தின் மொழி எம்பெக்-1 எனப்படும். படம் குறுக்கே 352 புள்ளிகளும் நெடுக்கே 288 புள்ளிகளும் கொண்டது. ஒரு வட்டில் ஏறக்குறைய 74 முதல் 80 நிமிடம் வரையிலான நிகழ்ச்சியே அடங்கும்.

அடுத்து வந்த டி.வி.டி. 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதன் மொழி எம்பெக்-2. நம் நாடுகளில் வழங்கிய பால் என்னும் தொலைக்காட்சி முறைப்படி, படம் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் கொண்டது. விநாடிக்கு 25 படங்கள் ஓடும். ஒலியும் விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் அளவில் அமைய வேண்டும்.

இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்னும் மொழிகளில் படத்தைச் சேமிக்கின்றன. எச்.264 என்பது 2003ஆம் ஆண்டிலும், எச்.265 என்பது 2013ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. டி.வி.டி.யின் விதிகளோ அவற்றிற்கு முன்பே வகுக்கப்பட்டு விட்டன. தமக்குப் பின் பிறந்த மொழியை அக்கருவிகள் அறியாமல் இருப்பதில் வியப்பென்ன? ஆகவே, மொழிமாற்றம் தேவைப்படுகிறது.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். சில கருவிகளில் விரலி எனப்படும் பென் டிரைவைச் செருகுவதற்கான துளை உண்டு. அத்தகைய கருவி கோப்பை நேரே ஏற்று ஓட்டினால், வட்டு தயாரிக்கும் வேலையே இல்லை. ஆயினும், துளை இருப்பதால் மட்டும் எல்லாக் கோப்பும் ஓடும் என எண்ணிவிடக் கூடாது. முதலில் ஒரு சிறு கோப்பை இட்டுச் சோதித்துப் பார்ப்பது நலம்.

முதல் நிலை: மொழிமாற்றம்

மாணவர்களே, இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி.வி.டி. படம் ஒன்றில் 720 × 576 = 414,720 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 படங்கள் எனில், 10,368,000 புள்ளிகள் ஆகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரியாக 12 பிட் என்று கொண்டால், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 124 மில்லியன் பிட் தேவைப்படும். இவ்வளவையும் அப்படியே எழுதினால், ஒரு வட்டு ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும்.

எனவே, படத்தைச் சுருக்க வேண்டியுள்ளது. மேடையில் ஒரு மாணவி நடனம் ஆடுகிறாள் எனக் கொள்வோம். அவளுக்குப் பின்னே உள்ள திரைச்சீலை அசைவதில்லை. மேடைத் தூண்கள் நகர்வதில்லை. அவற்றை ஒவ்வொரு படத்திலும் மீண்டும் மீண்டும் எழுதுவது வீண் அல்லவா? ஆகவே, ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு முறை முழுப் படத்தையும் எழுதிவிட்டு, இடைப்பட்ட படங்களில் முந்தியவற்றோடும் பிந்தியவற்றோடும் ஒப்பிட்டு மாறுதல்களை மட்டுமே எழுதுகின்றனர். மேலும், கண் எளிதில் உணராத நுண்ணிய வேறுபாடுகளையும் விட்டுவிடுகின்றனர். எம்பெக் மொழிகளின் அடிப்படை இதுவே.

எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதை நிகழ்ச்சியின் நீளமே முடிவு செய்கிறது. சாதாரண டி.வி.டி. வட்டு ஒன்றில் 4.7 பில்லியன் பைட் அடங்கும். கணினி 1,024இன் மடங்குகளாக எண்ணும்போது, இதையே ஏறக்குறைய 4.37 ஜி.பி. எனக் காட்டும். ஒரு பைட் என்பது 8 பிட். எனவே, வட்டின் கொள்ளளவு 37.6 பில்லியன் பிட் ஆகும். நமது கலைவிழா இரண்டு மணி நேரம், அதாவது 7,200 விநாடி நடந்தது எனில், 37.6 பில்லியனை 7,200ஆல் வகுக்க, விநாடிக்கு ஏறக்குறைய 5.2 மில்லியன் பிட் கிடைக்கிறது. முகப்புப் பக்கத்திற்கும் பிறவற்றிற்கும் சிறிது இடம் விட்டு, 5 மில்லியன் என வைத்துக் கொள்வோம். ஒலிக்கு 0.2 மில்லியன் போக, படத்திற்கு 4.8 மில்லியன் எஞ்சும். மேலே கண்ட 124 மில்லியனோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய 26இல் ஒரு பங்கே.

இரண்டு மணி நேரத்திற்கு இவ்வளவு போதுமானது. மூன்று மணி நேர நிகழ்ச்சியை ஒரே வட்டில் திணித்தால், விநாடிக்கு 3.5 மில்லியனுக்கும் குறைவாகவே கிடைக்கும். விரைந்து ஆடும் கால்களும் ஓட்டப் பந்தயக் காட்சிகளும் அப்போது கட்டம் கட்டமாகச் சிதைந்து தோன்றலாம். அத்தகைய நிகழ்ச்சியை இரண்டு வட்டுகளாகப் பிரிப்பதே முறை. நிகழ்ச்சி மிகக் குறுகியது என்பதற்காக அளவை விருப்பம்போல் உயர்த்தவும் இயலாது. படத்திற்கு விநாடிக்கு 9.8 மில்லியன் பிட் என்பது டி.வி.டி.யின் உச்சவரம்பு. வீட்டில் பதியும் வட்டுக்கு 8 மில்லியனோடு நிறுத்திக் கொள்வது பாதுகாப்பானது.

இன்னும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, படத்தின் வடிவம். அகன்ற திரைக்கு 16:9 என்றும், பழைய சதுரமான திரைக்கு 4:3 என்றும் விகிதங்கள் உண்டு. விகிதத்தைத் தவறாகக் குறித்துவிட்டால், மேடையில் நிற்பவர்கள் ஒட்டடைக்கோல் போல நீண்டோ பூசணிக்காய் போலப் பருத்தோ தோன்றுவர். மற்றொன்று, கைப்பேசியை நெட்டையாகப் பிடித்து எடுத்த படம். அது தொலைக்காட்சியில் இருபுறமும் கருமை சூழ, நடுவே ஒரு குறுகிய பட்டையாகவே தெரியும். ஆகவே, படம் எடுக்கும்போதே கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தல் வேண்டும்.

இரண்டாம் நிலை: தொகுப்பு

மொழிமாற்றம் செய்த கோப்பு மட்டும் டி.வி.டி. ஆகிவிடாது. நூலுக்குப் பக்க எண்ணும் பொருளடக்கமும் இருப்பது போல, வட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வீடியோ டி.எஸ். என்னும் பெயருடைய உறைக்குள், வி.ஓ.பி. என்னும் கோப்புகளில் படமும் ஒலியும் இருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை ஐ.எஃப்.ஓ. என்னும் கோப்புகள் கூறும். அவை கெட்டுவிட்டால் உதவுவதற்காக, பி.யு.பி. என்னும் படிகளும் உடன் இருக்கும். கருவி முதலில் தேடுவது இந்தப் பொருளடக்கத்தையே. அது கிடைக்காவிட்டால், படம் சரியாகவே இருந்தாலும் பழைய கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

இவ்வேலையைச் செய்யும் கணினி நிரல்கள் பல உள்ளன. டி.வி.டி. ஸ்டைலர் என்பது இலவசமாகக் கிடைப்பது. மொழிமாற்றம், தொகுப்பு, பதிவு ஆகிய மூன்றையும் செய்ய வல்லது. அதில் ‘பால்’ முறையைத் தேர்ந்து, கோப்புகளை வரிசையாகச் சேர்த்து, முகப்புப் பக்கம் ஒன்றையும் அமைக்கலாம். இறைவாழ்த்து, தலைமையாசிரியர் உரை, நடனம், நாடகம், பரிசளிப்பு எனத் தலைப்பிட்டுவிட்டால், விரும்பிய பகுதிக்கு நேரே செல்ல முடியும். தம் பேத்தியின் நடனத்தை மட்டும் பத்து முறை காண விரும்பும் பாட்டிக்கு இது எத்துணை வசதி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாம் நிலை: பதிவு

வெற்று வட்டின் உள்ளே மெல்லிய சாயப் படலம் ஒன்று உள்ளது. பதியும் கருவியின் லேசர் ஒளி அப்படலத்தைச் சூடேற்றி, அங்கங்கே அதன் தன்மையை மாற்றிவிடுகிறது. பின்னர்ப் படிக்கும் கருவி மெல்லிய ஒளியைப் பாய்ச்சி, மாறிய இடத்திலிருந்தும் மாறாத இடத்திலிருந்தும் திரும்பி வரும் ஒளியின் வேறுபாட்டை உணர்ந்து செய்தியைப் படிக்கிறது. இவ்வெழுத்துகள் ஒரே சுருள் கோட்டில், வட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்கின்றன. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு. அச்சுருளை நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளும். உள்ளங்கை அகல வட்டில் இவ்வளவு நெடும்பாதை அடங்கியிருப்பது வியப்பன்றோ!

இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இடும் பகுதியே இல்லை. அவ்வாறாயின், யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் தனிப் பதிவுக் கருவி தேவைப்படும். வெற்று வட்டுகளில் டி.வி.டி.-ஆர், டி.வி.டி.+ஆர் என இருவகை உண்டு. பழைய கருவிகள் பலவற்றிற்கு முதல் வகை பொருந்தி வருவது வழக்கம். உச்ச வேகத்தைத் தேர்ந்தெடுக்காமல், 4 மடங்கு அல்லது 8 மடங்கு வேகத்தில் பதிவது ஏற்றது. 4 மடங்கு வேகத்தில் ஒரு முழு வட்டைப் பதிய ஏறக்குறைய 15 நிமிடமாகும். அந்நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால் வட்டு வீணாகிவிடும். ஆகவே, மடிக்கணினியின் மின்கலத்தை முன்பே நிறைத்து வைத்தல் வேண்டும்.

பதிந்து முடிந்ததும், இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை என வட்டை மூடி முத்திரையிட வேண்டும். இதனை ‘ஃபைனலைஸ்’ என்பர். இது செய்யாத வட்டு, பதிந்த கணினியில் ஓடினாலும் வீட்டுக் கருவியில் ஓடாமல் போகலாம்.

கடையில் கொடுத்து மாற்றுவோர் அறிய வேண்டியவை

எல்லார் வீட்டிலும் கணினி இருப்பதில்லை. தோட்டத்துப் பெற்றோர் பலர் அருகிலுள்ள பட்டணத்துக் கடையில் கொடுத்தே வட்டு எடுக்கின்றனர். அவர்கள் கடைக்காரரிடம் நான்கு செய்திகளைத் தெளிவாகக் கூறுதல் நலம்.

1. கோப்பு வட்டு வேண்டாம், வீட்டு டி.வி.டி. கருவியில் ஓடும் படவட்டே வேண்டும்.

2. இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட நிகழ்ச்சியை ஒரே வட்டில் அடைக்க வேண்டாம்.

3. வட்டை ஃபைனலைஸ் செய்து, ஒரு சாதாரண டி.வி.டி. கருவியில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

4. கொடுத்த மூலக் கோப்பை அழிக்காமல் திருப்பித் தர வேண்டும்.

வீட்டிற்கு வந்ததும் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைதல் கூடாது. நடுப்பகுதியையும் இறுதிப் பகுதியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவில் ஏற்படும் குறைகள் பெரும்பாலும் வட்டின் வெளி விளிம்பில், அதாவது நிகழ்ச்சியின் இறுதியிலேயே தலைகாட்டும்.

மற்றுமொன்று: நாம் இங்கே கூறுவன நம் சொந்த நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். பிறர் தயாரித்த திரைப்படங்களைப் படியெடுத்து விற்பது சட்டப்படி குற்றமாகும்.

வட்டு காண்பதற்கு, மூலம் காப்பதற்கு

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் முதன்மையான கருத்து இனிமேல்தான் வருகிறது. வட்டு தயாராகிவிட்டது, இனிக் கைப்பேசியில் இடம் எதற்கு என்று பலர் மூலக் கோப்பை அழித்து விடுகின்றனர். இது பெரும் இழப்பாகும். ஏன் என்பதைக் கணக்கே கூறும். கைப்பேசியில் பொதுவாக எடுக்கும் படம் 1920 × 1080 = 2,073,600 புள்ளிகளைக் கொண்டது. டி.வி.டி. படத்தின் 414,720 புள்ளிகளை 5ஆல் பெருக்கிப் பாருங்கள். மிகச் சரியாக அதே எண் வரும். அதாவது, வட்டிற்கு மாற்றும்போது ஐந்தில் நான்கு பங்கு புள்ளிகள் உதிர்ந்து விடுகின்றன. வட்டிலிருந்து மீண்டும் கோப்பாக மாற்றினாலும் உதிர்ந்தவை திரும்பி வாரா. தாளாகிய ரப்பர் மீண்டும் மங்குப் பால் ஆகுமா?

அன்றியும், வீட்டில் பதிந்த வட்டு நெடுங்காலம் நிலைக்கும் என்று நம்பியிருக்க இயலாது. சாயத்தால் எழுதப்பட்டது ஆதலால், வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அதனைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். நம் நாட்டின் தட்பவெப்பம் அதற்கு உகந்ததன்று. எனவே, வட்டை விளிம்பில் பிடித்து எடுக்க வேண்டும். தூசு படிந்தால் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி மென்துணியால் துடைக்க வேண்டும். பெயர் எழுதக் கூர்முனைப் பேனாவைத் தவிர்க்க வேண்டும். உறையிலிட்டு நிழலான இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். காரில் வெயில்படும் இடத்தில் விட்டுச் செல்லலாகாது. இவையெல்லாம் அதன் ஆயுளை நீட்டுமேயன்றி, முடிவற்றதாக்கிவிடா.

ஆகவே, மூலக் கோப்பை இரண்டு வெவ்வேறு சேமிப்புக் கருவிகளில், இயன்றால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்திருத்தல் வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டும் நாளும் இடமும் நிகழ்ச்சியும் இடம் பெற வேண்டும். மேடையில் இருப்பவர் யார் யார் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து அம்முகங்களை அடையாளம் காட்டும் மூத்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள் என்பதற்கு உறுதி ஏது?

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் உழைத்த தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரங்கள் சாய்ந்த இடத்தில் செம்பனையும், செம்பனை சாய்ந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. லயன் வீடுகளும் கோயில் திடலும் பழைய பள்ளிக் கட்டடமும் மறைந்துபோன இடங்கள் பல. அங்கு நடந்த திருவிழாவும் கலைவிழாவும் இன்று யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில், ஒரு பழைய நாடாவிலோ வட்டிலோ மட்டுமே எஞ்சியிருக்கலாம். அத்தகைய பழைய வட்டுகள் இருப்பின், அவை படிக்கும் நிலையில் இருக்கும்போதே கணினியில் கோப்பாக்கிக் காப்பதும் நம் கடமையே.

எனவே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் இவ்வேலையை வீட்டில் ஒன்றாக அமர்ந்து செய்து பாருங்கள். இளையோர் கணினியைக் கவனிக்கட்டும். மூத்தோர் பெயர்களையும் ஆண்டுகளையும் சொல்லி எழுத வைக்கட்டும். தாத்தா பாட்டிக்கு ஒரு வட்டு, வருங்காலத்திற்கு ஒரு மூலக் கோப்பு என இரண்டையும் நாம் பேணுவோமாக.